சட்டப் பேராசிரியரும் தோட்டத் தொழிலாளியின் வாக்குச் சீட்டும்

கேரள மாநிலத்தின் இடுக்கி மாவட்டத்தில், பீருமேடு தாலுகாவைச் சேர்ந்த ஏலப்பாறை தேயிலைத் தோட்டங்களால் சூழப்பட்ட ஒரு மலையூர். இங்குள்ள தோட்டத் தொழிலாளர்களில் கணிசமானோர் திருநெல்வேலி, மதுரை முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் வழியாக மலையேறி வந்தவர்களின் வழித்தோன்றல்கள். கொழுந்து பறிப்பதும், கவாத்து வெட்டுவதும், ஆலையில் இலை வாட்டுவதும் அவர்கள் தொழில். அவர்கள் குடியிருக்கும் 'லயம்' எனப்படும் வரிசை வீடு தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தமானது. பறிக்கும் செடி அவர்களுடையதன்று. நிற்கும் நிலமும் அவர்களுடையதன்று. நிலவரி கட்டிய ரசீது எதுவும் அவர்கள் பெட்டியில் இராது. ஆயினும் தேர்தல் நாளன்று அத்தொழிலாளியும் தோட்ட மேலாளரும் ஒரே வரிசையில் நின்று, ஒரே மதிப்புள்ள வாக்கை அளிக்கின்றனர்.

இன்று இயல்பாகத் தோன்றும் இந்த நிலை எவ்வாறு ஏற்பட்டது? சொத்து, வரி, கல்வி ஆகிய அளவுகோல்களால் வாக்குரிமையை வரையறுத்து வந்த ஒரு நாட்டில், 'இன்ன இடத்தில் வசிப்பவர்' என்ற ஒரே தகுதி எப்படி வேரூன்றியது? இவ்வினாவை ஆராயப் புகுவோர் பம்பாய் அரசினர் சட்டக் கல்லூரியின் பேராசிரியராகவும் பின்னர் அதன் முதல்வராகவும் விளங்கிய டாக்டர் பீமராவ் அம்பேத்கரின் பணியைத் தொடக்கத்திலிருந்து நோக்க வேண்டும். அரசியலமைப்பின் சிற்பி என்று அவர் போற்றப்படும் அளவுக்கு, 1919 முதல் 1951 வரை வாக்குரிமை என்ற ஒரே பொருளில் அவர் காட்டிய இடைவிடாத ஈடுபாடு அறியப்படவில்லை.

பொருளாதாரத்திலிருந்து சட்டத்துக்கு

அம்பேத்கர் முதலில் பொருளாதாரப் பேராசிரியர். 1918 முதல் 1920 வரை பம்பாய் சைடன்ஹாம் வணிகக் கல்லூரியில் அரசியற் பொருளாதாரம் கற்பித்தார். அப்பணியில் இருந்தபோதே, 1919 ஜனவரியில், வாக்குரிமை பற்றி ஆராய வந்த சவுத்பரோ குழுவின் முன் சாட்சியம் அளித்தார். அப்போது அவருக்கு வயது 27. எல்லாருக்கும் ஒரே சொத்துத் தகுதி என்பது காகிதத்தில் சமத்துவமாகத் தோன்றினும், வழக்கத்தாலேயே நிலம் மறுக்கப்பட்ட மக்களை அது முற்றிலும் வெளியே நிறுத்திவிடும் என்பது அவர் வாதத்தின் சாரம். ஒருவரைச் சொத்துச் சேர விடாமல் தடுத்துவிட்டு, சொத்தில்லை என்பதற்காக வாக்கையும் மறுப்பது எவ்வகை நீதி? தாழ்த்தப்பட்டோருக்குத் தகுதியளவைக் குறைக்க வேண்டும் என்று அவர் கோரினார். அந்நாளில் அக்கோரிக்கைக்குப் போதிய பயன் கிட்டவில்லை. 1919-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சென்னை மாகாண சட்டமன்றத்தில் தோட்ட முதலாளிகளுக்கென்று ஒரு சிறப்பு இடம் ஒதுக்கப்பட்டது. தோட்டத்தில் உழைத்தவர்களுக்கு வாக்கே இல்லை. அக்காலத்து வாக்குரிமையின் பொருளாதாரத்தை விளக்க இந்த ஓர் எடுத்துக்காட்டே போதும்.

இலண்டனில் உயர்படிப்பையும் வழக்கறிஞர் பயிற்சியையும் முடித்துத் திரும்பிய அவர் 1928-இல் அரசினர் சட்டக் கல்லூரியில் பேராசிரியரானார். அதே ஆண்டில் சைமன் குழுவின் முன் சாட்சியம் அளித்ததோடு, குழுவுடன் ஒத்துழைக்க அமைக்கப்பட்ட பம்பாய் மாகாணக் குழுவின் உறுப்பினராகவும் இருந்தார். சக உறுப்பினர்களின் அறிக்கையில் கையெழுத்திட மறுத்து, 1929 மே மாதத்தில் தனியறிக்கை ஒன்றை அளித்தார். வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை என்பதற்கு இந்தியாவில் எழுதப்பட்ட வாதங்களுள் மிகத் தெளிவானவற்றில் அதுவும் ஒன்று.

அவ்வாதத்தைச் சற்று விரிவாகவே காண வேண்டும். வாக்கு என்பது அரசு மனமிரங்கி அளிக்கும் சலுகையன்று. மக்கள் ஒருவரோடொருவர் சேர்ந்து வாழ்வதற்குரிய நிபந்தனைகளை முடிவு செய்வதில் ஒவ்வொருவருக்கும் உள்ள பங்கே வாக்கு. முதலாளியும் தொழிலாளியும், நிலவுடைமையாளரும் குத்தகைதாரரும் எந்த நிபந்தனைகளின்பேரில் இணைந்து வாழ்கின்றனர் என்பதைச் சட்டம் வகுக்கிறது. பேரம் பேசும் வலிமையுள்ளவர் சட்டத்தின் துணையின்றியும் தம் நலத்தைக் காத்துக்கொள்வார். அவ்வலிமை இல்லாதவருக்கே, பிறர் விதிக்கும் நிபந்தனைகளுக்கு உட்பட்டுவிடும் ஆபத்து மிகுதி. எனவே வாக்கு முதலில் சேர வேண்டியது அவர்களுக்கே. எழுத்தறிவில்லாதவர் அறிவில்லாதவர் என்ற கருத்தையும் அவர் ஏற்கவில்லை. சொத்தும் படிப்பும் உள்ளவரே பொறுப்புடன் வாக்களிப்பர் என்ற அந்நாளைய பொதுக் கருத்தை இவ்வாதம் தலைகீழாகத் திருப்பிவிட்டது. கூலி, வேலைநேரம், குடியிருப்பு ஆகிய மூன்றையும் ஒரே நிர்வாகத்திடம் எதிர்பார்த்து நிற்கும் தேயிலைத் தோட்டத் தொழிலாளியைக் காட்டிலும் இவ்வாதத்துக்குப் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது.

அவருடைய நிலைப்பாட்டில் ஒரு நிபந்தனை உண்டு என்பது பலராலும் மறக்கப்படுகிறது. அனைவருக்கும் வாக்குரிமை கிடைக்குமாயின், பொது வாக்காளர் தொகுதிகளில் இடஒதுக்கீடு போதும். வாக்குரிமை குறுகியதாகவே இருக்குமாயின் தனி வாக்காளர் தொகுதி வேண்டும் என்பதே அவர் 1928-இல் சைமன் குழுவின் முன் கூறியது. வாக்குரிமை விரிவடையவில்லை. வட்டமேசை மாநாட்டில் அவரும், தமிழகத்தைச் சேர்ந்த இரட்டைமலை சீனிவாசனும் தனித் தொகுதிக் கோரிக்கையை வற்புறுத்தியதை இந்தப் பின்னணியில் வைத்தே மதிப்பிட வேண்டும். 1932 ஆகஸ்ட் மாத வகுப்புத் தீர்ப்பு, அதன்மேல் காந்தியடிகளின் உண்ணாவிரதம், செப்டம்பர் 24-இல் புனா ஒப்பந்தம் ஆகியவை யாவரும் அறிந்த வரலாறு. தீர்ப்பு வழங்கிய 71 தனி வாக்காளர் தொகுதி இடங்களுக்குப் பதிலாக, ஒப்பந்தத்தின்வழி 148 இடங்கள் பொது வாக்காளர் தொகுதிகளில் ஒதுக்கப்பட்டன. சென்னை மாகாணத்துக்கு மட்டும் 30. எண்ணிக்கை இரட்டிப்பாயிற்று, ஆனால் உறுப்பினரை இறுதியாகத் தேர்வு செய்வது பெரும்பான்மையினர் கையில் இருந்தது. பின்னாளில் அம்பேத்கரே இவ்வேற்பாட்டைக் கடுமையாகக் குறை கூறினார்.

1935-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னரும் மாகாணத் தேர்தல்களில் வாக்குரிமை பெற்றோர் ஏறத்தாழ மூன்று கோடிப் பேர்தாம். அந்த ஆண்டிலேயே அம்பேத்கர் சட்டக் கல்லூரியின் முதல்வரானார்.

1949 ஜூன்: இரு நாட்கள்

அரசியலமைப்பு வரைவுக் குழு 1947 ஆகஸ்ட் 29 அன்று அமைக்கப்பட்டு, அம்பேத்கர் அதன் தலைவரானார். வாக்குரிமையை அடிப்படை உரிமைகளின் வரிசையிலேயே சேர்க்க வேண்டும் என்ற கருத்து அவ்வாண்டின் தொடக்கத்தில் ஆலோசனைக் குழுவில் எழுந்தபோது அவர் அதை ஆதரித்தவர். ஆனால் அது அப்பகுதியில் இடம்பெறவில்லை. தேர்தல்கள் பற்றிய தனிப் பகுதிக்குச் சென்றது. இந்த இடமாற்றத்தின் விளைவு பின்னர்த் தெரிந்தது.

1949 ஜூன் 15 அன்று அவர் அரசியல் நிர்ணய சபையில் கொண்டுவந்த திருத்தம் சிறப்பாகக் கருதத்தக்கது. மாகாணங்களுக்குத் தனித்தனியே தேர்தல் ஆணையங்கள் இருக்கும் என்பது முந்திய வரைவு. அதைக் கைவிட்டு, வாக்காளர் பட்டியல் தயாரிப்பு உட்பட அனைத்தையும் ஒரே மைய ஆணையத்திடம் ஒப்படைக்கும் திருத்தம் அது. சில மாகாணங்களில், பெரும்பான்மையினரோடு இனத்தாலும் பண்பாட்டாலும் மொழியாலும் வேறுபட்ட மக்களைப் பட்டியலில் சேர்க்காமல் விடுவதாகப் புகார்கள் வந்துள்ளன என்று அவர் காரணம் கூறினார். கூட்டாட்சிக் கோட்பாட்டுக்கு இது முரணன்றோ என்ற எதிர்ப்பு எழாமலில்லை. உள்ளூர் ஆட்சியின் விருப்பு வெறுப்பினால் ஒருவரது வாக்கு பறிபோகக் கூடாது என்பதே முதன்மையானது என்பது அவர் விடை. இவ்வாறு உருவானவையே இன்றைய 324, 325, 326 ஆகிய விதிகள். 324 தேர்தல் ஆணையத்தை நிறுவுகிறது. மதம், இனம், சாதி, பால் ஆகியவற்றைக் காரணமாகக் கொண்டு எவரையும் பட்டியலிலிருந்து விலக்கலாகாது என்கிறது 325. வயது வந்தோர் வாக்குரிமையை வழங்குவது 326. தொடக்கத்தில் 21 ஆக இருந்த வயது, 61-ஆவது திருத்தத்தின்வழி 1989 முதல் 18 ஆயிற்று.

மறுநாள் விவாதத்தில் அவரே ஒரு குறையையும் ஒப்புக்கொண்டார். தேர்தல் ஆணையரை எளிதில் நீக்க முடியாதபடி பாதுகாப்பு அளித்தாயிற்று; தகுதியற்ற ஒருவர் அப்பதவியில் நியமிக்கப்படுவதைத் தடுக்க என்ன வழி என்பதற்கு வரைவில் விடையில்லை என்றார். இவ்வினா ஏழு பத்தாண்டுகளுக்கு மேல் திறந்தே கிடந்தது. 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், இந்தியத் தலைமை நீதிபதி ஆகியோர் அடங்கிய குழுவின் பரிந்துரைப்படி நியமனம் செய்ய வேண்டும் என இடைக்கால ஏற்பாடு வகுத்தது. அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தில் தலைமை நீதிபதிக்குப் பதிலாக ஒன்றிய அமைச்சர் ஒருவர் இடம்பெற்றார்.

சட்ட அமைச்சராக அம்பேத்கர் பொறுப்பு வகித்த காலத்திலேயே 1950, 1951 ஆகிய ஆண்டுகளின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டங்கள் நிறைவேறின. முந்திய சட்டத்தின் 19-ஆவது பிரிவின்படி, உரிய வயதும் தொகுதியில் 'வழக்கமாகக் குடியிருத்தலும்' இருந்தால் பட்டியலில் பெயர் சேரும். 20-ஆவது பிரிவு மேலும் ஒருபடி செல்கிறது: ஓரிடத்தில் வீடு சொந்தமாக இருக்கிறது என்ற காரணத்தால் மட்டுமே ஒருவர் அங்கு வழக்கமாகக் குடியிருப்பவர் ஆகிவிட மாட்டார். ஒரு வரியில் அடங்கிவிடும் இப்பிரிவைப் படிப்போர் பெரும்பாலும் கடந்து சென்றுவிடுவர். சொத்துக்கும் வாக்குக்கும் இருந்த நெடுநாள் உறவு இங்கேதான் அறுபடுகிறது. லயத்தின் உரிமையாளர் வேறு நகரில் வாழ்வாராயின் ஏலப்பாறையில் அவருக்கு வாக்கில்லை. லயத்தில் குடியிருப்பவருக்கு உண்டு.

திருவிதாங்கூரில் நிலவரியும் வாக்கும்

ஏலப்பாறை அமைந்த பகுதி 1949 வரை திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. இந்தியச் சமஸ்தானங்களுள் முதன்முதலாகச் சட்டசபை கண்டது இதுவே, ஆண்டு 1888. ஆனால் 1904-இல் தோன்றிய ஸ்ரீமூலம் பிரஜா சபையில் பங்கேற்க, ஆண்டுக்கு 100 ரூபாய்க்குக் குறையாத நிலவரி செலுத்துதல் ஒரு முக்கியத் தகுதியாக இருந்தது. பிற்காலத்தில் இந்த அளவு பலமுறை குறைக்கப்பட்டபோதும் நிலவரி என்ற அடிப்படை மாறவில்லை. 1932-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தை எதிர்த்து ஈழவர், கிறிஸ்தவர், முஸ்லிம்கள் இணைந்து நடத்திய 'நிவர்த்தனப்' போராட்டம் இதன் நேர் விளைவு. நிலம் ஒரு சாராரிடம் குவிந்திருக்கையில் நிலவரியால் அளக்கப்படும் வாக்கும் அவர்களிடமே குவியும் என்பதே போராடியோரின் முறையீடு. அம்பேத்கர் 1919-இல் பம்பாயில் கூறியதும் இதுவே. இப்போராட்டத்திலும் தோட்டக்கூலியின் பெயர் எழவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வரி செலுத்தியும் இடம் கிடைக்காதவரின் குறை அது, வரியே செலுத்தாதவரின் குறையன்று.

1948 பிப்ரவரியில் வயது வந்தோர் வாக்குரிமையின் அடிப்படையில் திருவிதாங்கூரில் நடந்த தேர்தலே அத்தொழிலாளரை முதன்முதலாக வாக்குச் சாவடிக்குக் கொண்டுவந்தது. அனைத்திந்தியப் பொதுத் தேர்தலுக்கு ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் முன்னதாகவே இது நிகழ்ந்தது.

வாக்கு வந்தபின் மற்றொரு சிக்கல் எழுந்தது. மொழிவழி மாநிலச் சீரமைப்பின்போது தேவிகுளம், பீருமேடு தாலுகாக்கள் தமிழகத்துடன் சேர வேண்டும் எனத் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1955-இல் அறிக்கை அளித்த மாநிலச் சீரமைப்பு ஆணையம் அதை ஏற்கவில்லை. தமிழர் எண்ணிக்கை தோட்டத் தொழிலாளரின் வருகையால் பெருகியது, அவர்களில் ஒரு பகுதியினர் வந்துபோகும் நிலையினர் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. எல்லை வகுத்தல் பல காரணிகளைப் பொறுத்தது. அம்முடிவின் தகுதியை இங்கு ஆராய்வது நோக்கமன்று. ஆயினும், வாக்காளர் பட்டியலில் 'வழக்கமாகக் குடியிருப்பவர்' எனப் பதிவான ஒருவரே மற்றொரு கணக்கில் 'வந்துபோகிறவர்' எனக் கருதப்பட்டது நினைவில் கொள்ளத்தக்கது. தோட்டத் தொழிலாளியின் குடியிருப்பு குறித்த ஐயம் அப்போது தொடங்கியது. இன்றுவரை முற்றிலும் ஓய்ந்தபாடில்லை.

கடல் கடந்த எதிர்மறைச் சான்று

அதே தமிழ் மாவட்டங்களிலிருந்து, அதே கங்காணி முறையில், இலங்கை மலையகத்துக்குச் சென்றவர்களின் வரலாறு வேறாக அமைந்தது. இலங்கையில் 1931-லேயே டொனமூர் அரசியலமைப்பு வயது வந்தோர் வாக்குரிமையைக் கொண்டுவந்தது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் 7 பேர் நாடாளுமன்றம் சென்றனர். 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1949-இல் வாக்குரிமை குடியுரிமையுடன் பிணைக்கப்பட்டது. 1952 தேர்தலில் அக்கட்சியின் சார்பில் ஒருவரும் வரவில்லை. 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி 5,25,000 பேரை ஏற்க இந்தியாவும் 3,00,000 பேருக்குக் குடியுரிமை அளிக்க இலங்கையும் இசைந்தன. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்பது 1974-இல் முடிவாயிற்று. எஞ்சியிருந்தோரின் குடியுரிமைச் சிக்கலைத் தீர்க்கும் சட்டம் 2003-இல்தான் இயற்றப்பட்டது.

தில்லியில் வயது வந்தோர் வாக்குரிமை விதி ஏற்கப்பட்டதும் கொழும்பில் தோட்டத் தொழிலாளியின் வாக்கு பறிக்கப்பட்டதும் ஒரே ஆண்டில். பீருமேட்டுத் தொழிலாளி சென்றது ஒரு சமஸ்தானத்தின் எல்லையைக் கடந்து. நுவரெலியாத் தொழிலாளி சென்றது கடலைக் கடந்து. தோட்டத்தின் வேலையில் வேறுபாடில்லை. அவர்களை ஆண்ட சட்டத்தில் இருந்தது.

உரிமையும் பரிகாரமும்

வாக்குரிமை அடிப்படை உரிமைகளின் பகுதியில் இடம்பெறாததன் விளைவை 1952 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த பொன்னுசாமி வழக்குத் தீர்ப்பில் காணலாம். நாமக்கல் தொகுதியில் வேட்புமனு நிராகரிக்கப்பட்ட ஒருவர் தொடுத்த வழக்கு அது. வாக்களிப்பதும் போட்டியிடுவதும் சட்டத்தால் அளிக்கப்படும் உரிமைகள். தேர்தல் முடியும்வரை நீதிமன்றங்கள் இடைமறிக்க இயலாது. குறையுள்ளவர் பின்னர்த் தேர்தல் மனு தாக்கல் செய்யலாம் என்பது தீர்ப்பு. இது கடுமையானதெனச் சிலர் கருதலாம். ஆயினும் அந்தப் பரிகாரம் வெறும் பேச்சன்று என்பதை இடுக்கி மலைகளே மெய்ப்பித்தன. 1957-இல் தேவிகுளத்தில் ரோசம்மா புன்னூஸ் பெற்ற வெற்றி, வேறொருவரது வேட்புமனு தவறாக நிராகரிக்கப்பட்டது என்ற காரணத்தால் தேர்தல் மன்றத்தில் செல்லாததாயிற்று. 1958 இடைத்தேர்தலில் அவரே மீண்டும் வென்றார்.

தேவிகுளம் இன்று தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதி. 2021 தேர்தலில் அங்கு வென்ற உறுப்பினர் கேரள மாநிலப் பட்டியலுக்குரிய இந்து பறையர் ஆவாரா என்ற வினா எழுந்தது. அவருடைய முன்னோர் தமிழ்ப் பகுதியிலிருந்து குண்டளைத் தோட்டத்துக்கு வந்த காலமும் அதனுள் அடங்கியது. பட்டியல் சாதியினர் ஆணை 1950-இல் பிறப்பிக்கப்பட்டதாகையால், குடும்பம் அதற்கு முன்னரே அங்குக் குடியேறியிருந்ததா என்பது முக்கியமாயிற்று. 2023 மார்ச்சில் உயர் நீதிமன்றம் அத்தேர்தலைச் செல்லாதென அறிவித்தது. 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கி அவர் தேர்வை உறுதி செய்தது. மூன்று தலைமுறைக்கு முன் மலையேறி வந்த ஒரு குடும்பம் எந்த ஆண்டில் வந்தது என்பதைத் தோட்டத்தின் பழைய பதிவேடுகளைக் கொண்டு மெய்ப்பிக்க வேண்டிய நிலை இன்றும் உள்ளது என்பதையே இவ்வழக்கு காட்டுகிறது.

அன்றாட வாழ்வில் எழும் சிக்கல் இதனினும் சிறியது. ஆனால் பலரைத் தொடுவது. 2000-ஆம் ஆண்டை ஒட்டிப் பீருமேட்டுப் பகுதியில் பல தேயிலைத் தோட்டங்கள் மூடப்பட்டபோது, இளைஞர்கள் திருப்பூருக்கும் எர்ணாகுளத்துக்கும் வேலை தேடிச் சென்றனர். பெற்றோர் லயத்திலேயே தங்கினர். தற்காலிகமாக வெளியே சென்றிருப்பதனால் மட்டும் ஒருவர் குடியிருப்புத் தகுதியை இழப்பதில்லை என்று 20-ஆவது பிரிவின் மற்றொரு பகுதி கூறுகிறது. எது தற்காலிகம், எது நிரந்தரம் என்பதைப் பதிவு அலுவலர் வழக்குக்கு வழக்கு முடிவு செய்ய வேண்டும். மறுபுறம், ஒருவர் பெயர் தேனி மாவட்டத்திலும் இடுக்கியிலும் ஒருங்கே இருக்கிறது என்ற புகாரும் ஒவ்வொரு தேர்தலிலும் எழுகிறது. இரு தொகுதிகளில் பதிவு செய்வதைச் சட்டம் தடுக்கிறது. தெரிந்தே பொய் உறுதிமொழி அளிப்பது ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். இரட்டைப் பதிவை நீக்குவது அவசியமே. ஆனால் அதன் பெயரால், ஓய்வுபெற்று லயத்தைக் காலி செய்த முதியவர் இரு பட்டியல்களிலிருந்தும் விடுபட்டுவிடும் அபாயமும் உண்டு.

2025 அக்டோபரில் கேரளம், தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் அறிவிக்கப்பட்டபோது, முந்திய பட்டியலில் தம் பெயரையோ பெற்றோர் பெயரையோ சுட்டிக்காட்டுமாறு வாக்காளர் கேட்கப்பட்டனர். எல்லைக்கு இருபுறமும் உறவு வைத்துள்ள குடும்பங்களுக்கு அந்தப் பெயர் எந்த மாநிலத்துப் பட்டியலில், எந்த எழுத்தில், எந்த உச்சரிப்பில் பதிவாகியிருக்கிறது என்று தேடுவதே ஒரு வேலை. தமிழில் ஒருவிதமாகவும் மலையாளத்தில் வேறுவிதமாகவும் எழுதப்பட்ட பெயர்கள் பல.

குடியிருப்பு மாறியதாகக் கூறி ஒருவர் பெயரை நீக்குமுன் அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்று 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 22-ஆவது பிரிவு விதிக்கிறது. அதற்கான அறிவிப்பு, பதிவேட்டில் உள்ள முகவரிக்கே செல்லும். அந்த முகவரி பூட்டிக் கிடக்கும் லயமாயின், கம்பத்திலோ போடியிலோ மகன் வீட்டில் தங்கியுள்ள மூதாட்டிக்கு அது எட்டாது; குடியிருப்பு மாற்றத்துக்கான படிவம் 8 என்ற ஒன்று இருப்பதும் அவருக்குத் தெரிந்திராது. வரைவுப் பட்டியலைக் கிராம சபையில் உரக்கப் படிக்கும் வழக்கத்தைத் தோட்டங்களில் லயம் லயமாகவும், வேலை முடிந்து கொழுந்து நிறுக்கும் நேரத்திலும் நடத்தினால், அடுத்த வீட்டுக்காரரேனும் அவர் பெயரைக் கேட்டுச் சேதி சொல்லியனுப்ப முடியும். இதற்குப் புதிய சட்டமோ கூடுதல் நிதியோ தேவையில்லை.